கிளைமாக்ஸ் சொதப்புவது கடைசி எபிசோடில் இல்லை

ஹவ் ஐ மெட் யுவர் மதர் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த சோபா நினைவிருக்கும். 2030ஆம் ஆண்டு, ஒரு அப்பா தன் மகளையும் மகனையும் உட்கார வைத்து, உங்கள் அம்மாவை எப்படிச் சந்தித்தேன் என்று சொல்ல ஆரம்பிப்பார், அவர்கள் இருவரும் இது எப்போது முடியும் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். 2005இல் தொடங்கி 2014 மார்ச் 31 வரை 9 சீசன், 208 எபிசோட். பிள்ளைகளாக நடித்த இருவரும் மளமளவென்று வளர்கிற வயதில் இருந்ததால், கதையின் கடைசியில் அவர்கள் பேச வேண்டிய காட்சியை மட்டும் 2006 வாக்கிலேயே ரகசியமாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அதாவது இந்தத் தொடரை உருவாக்கியவர்களுக்கு முடிவு என்ன என்று எட்டு வருடம் முன்பே தெரியும்.

(ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவுகளைப் பற்றிப் பேசும்போது முடிவைச் சொல்லாமல் இருக்க முடியாது. கீழே பல தொடர்களின் கடைசிக் காட்சிகள் வருகின்றன, பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

அந்த முடிவு என்ன? அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது, அப்பா சொன்ன கதை உண்மையில் ராபின் என்ற பழைய காதலியைப் பற்றியது, பிள்ளைகள் போய் அவளைப் பாருங்கள் அப்பா என்று சொல்கிறார்கள், அவர் நீல நிற ஊதுகொம்பைத் தூக்கிக்கொண்டு அவள் ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கிறார். இரண்டாவது சீசனோடு தொடர் நின்றிருந்தால் இது அழகான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு ஏழு சீசன் ஓடியது. அந்த ஏழு சீசனில் அந்த அப்பா டெட்டும் ராபினும் ஒத்துவராது என்று திரும்பத் திரும்ப நமக்குப் புரியவைத்தார்கள், ராபினுக்கும் டெட்டின் நண்பன் பார்னிக்கும் ஒரு காதலை வளர்த்தார்கள், கடைசி சீசன் கிட்டத்தட்ட முழுவதையும் அவர்கள் கல்யாண வார இறுதிக்கே கொடுத்தார்கள், அந்த அம்மா பாத்திரத்தில் கிறிஸ்டின் மிலியோட்டி வந்து ஒரே சீசனில் எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கடைசி எபிசோடில் அந்தக் கல்யாணம் சில நிமிடங்களில் விவாகரத்து, அந்த அம்மா ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒரு நொடி, உடனே அந்தப் பழைய பெட்டி திறக்கிறது. எதிர்ப்பு எந்த அளவுக்கு இருந்தது என்றால், அம்மா இறக்காத வேறொரு முடிவை டிவிடியில் சேர்த்து வெளியிட்டார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு தொடர் மோசமாக முடிந்ததும் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: எப்படி முடிப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இங்கே தெரிந்திருந்தது, முடிவைக் கையில் படமாகவே வைத்திருந்தார்கள். தெரியாமல் போனது அந்த முடிவுக்கு முன்னால் எத்தனை வருடம் நடக்க வேண்டியிருக்கும் என்பதுதான். தொலைக்காட்சித் தொடர்கள் நிறைவாக முடியுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. முடியும், நன்றாகவே முடியும். ஆனால் கடைசி நாள் எது என்று எழுதுகிறவர்களுக்கு நேரத்தோடு தெரிய வேண்டும், தெரிந்த பிறகு அங்கே போய்ச் சேர வழியும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சித் தொடர் என்ற வடிவமே முடிவதற்காகப் பிறந்தது இல்லை. நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம் உண்டு, தொடருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, பார்க்க ஆள் இருக்கும்வரை ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு இது ஒரு பணக் கணக்காகவும் இருந்தது. தொடரை எடுக்கிற ஸ்டூடியோவுக்குச் சேனல் கொடுக்கும் பணம் செலவுக்கே போதாது. லாபம் வருவது பின்னால், ஏறத்தாழ நூறு எபிசோட் சேர்ந்ததும் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்காக விற்கும்போதுதான். அந்த மறுஒளிபரப்பில் எபிசோட்கள் வரிசை மாறி வரும், இன்று மூன்றாவது, நாளை எழுபதாவது. அப்படி விற்கப்போகிற சரக்குக்கு உறுதியான ஒரு முடிவு இருந்தால், எல்லாம் தெரிந்த கதையை எவன் திரும்பப் பார்ப்பான் என்ற பயம் விற்பவர்களுக்கு இருந்தது.

அந்தப் பயத்தை மீறிய முதல் பெரிய தொடர் தி ஃப்யூஜிட்டிவ். ஏபிசி சேனலில் 1963 முதல் 1967 வரை 120 எபிசோட். மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள், உண்மையான கொலையாளியான ஒற்றைக்கை மனிதனைத் தேடி ஊர் ஊராக ஓடுகிறார், அவரைத் துரத்திக்கொண்டு ஜெரார்ட் என்ற போலீஸ் அதிகாரி. அந்தக் காலத்து வழக்கப்படி இதுவும் பாதியில் அப்படியே நின்றிருக்கும், பார்த்தவர்கள் மறந்திருப்பார்கள். ஆனால் இரண்டு பாகமாக ஒரு முடிவை எடுத்து, 1967 ஆகஸ்ட் 22, 29 தேதிகளில் ஒளிபரப்பினார்கள். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இருந்த கோபுரத்தின் உச்சியில் கிம்பிளும் ஒற்றைக்கை மனிதனும் கட்டிப்புரள, கீழிருந்து ஜெரார்ட் சுடுகிறார், விழுவது கொலையாளி. கடைசியில் கோர்ட் வாசலில் துரத்தியவரும் ஓடியவரும் கை குலுக்குகிறார்கள். அந்த நேரத்தில் பின்னணிக் குரல் சொல்கிறது: ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை, ஓட்டம் நின்ற நாள். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அன்றைய தேதி! சுமார் 7.8 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். மக்களுக்கு முடிவு வேண்டும், அதற்காகக் காத்திருப்பார்கள் என்று சேனல்காரர்களுக்கு எண்ணிக்கையில் தெரிந்தது அன்றுதான்.

நம் ஊர் சீரியலின் கணக்கு வேறு, ஆனால் அடியில் இருப்பது இதே விஷயம்தான். இங்கே வாரத்துக்கு ஐந்தோ ஆறோ நாள், சீசன் என்ற இடைவெளியே கிடையாது. சன் டிவியில் கோலங்கள் 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. ஸ்லாட்டும் டிஆர்பியும் சேர்ந்துதான் கதையின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன, ரேட்டிங் இருக்கும்வரை கதாநாயகிக்குக் கஷ்டம் தீராது, ரேட்டிங் போனால் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். எங்கள் பாட்டி ஒரு சீரியலை நான்கு வருடம் ஒரு நாள் விடாமல் பார்த்தார், கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவார். கடைசி நாளில் வில்லி திருந்தினாள், ஆஸ்பத்திரியில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார், குடும்பமே வரிசையாக நின்று கும்பிட, வணக்கம் என்று போட்டுவிட்டார்கள். பாட்டி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன்டா, அந்தச் சின்னப் பையன் மெட்ராஸுக்குப் போனானே, அவன் வந்துட்டானா?" அவன் வரவே இல்லை, இரண்டு வருடம் முன்பு பெட்டியோடு வாசலைத் தாண்டியவனை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள், பாட்டி மறக்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்: பார்வையாளர் கேட்பது பெரிய திருப்பத்தை இல்லை, தான் இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்ததை எழுதியவரும் ஞாபகம் வைத்திருந்தாரா என்பதைத்தான்.

மேஷ் தொடரின் கடைசி எபிசோடை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது ஏன் இன்னும் பேசப்படுகிறது என்று புரியும். கொரியப் போரில் ஒரு அமெரிக்க ராணுவ மருத்துவ முகாம். நிஜப் போர் மூன்று வருடம்தான் நடந்தது, தொடர் 1972 முதல் 1983 வரை 11 சீசன் ஓடியது. 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேர எபிசோடோடு முடித்தார்கள், பார்த்தவர்கள் 10 கோடிக்கும் மேல், அப்போது அமெரிக்க மக்கள்தொகையே 23 கோடி சொச்சம். எப்போது நிறுத்தப்போகிறோம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததால், ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக எடுத்து வழியனுப்ப நேரம் இருந்தது. க்ளிங்கர் என்று ஒரு சிப்பாய், வருடக்கணக்கில் பெண் உடை போட்டுக்கொண்டு எனக்குப் பைத்தியம், என்னை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சியவன். போர் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அவன் ஒருவன் மட்டும் தான் காதலித்த கொரியப் பெண்ணுக்காக அங்கேயே தங்குகிறான். வின்செஸ்டர் என்ற டாக்டருக்குச் சங்கீதம்தான் ஆறுதல். சரணடைந்த சீன இசைக்காரர்கள் சிலருக்கு மோட்சார்ட் சொல்லிக்கொடுக்கிறார், அவர்கள் குண்டில் செத்துப்போகிறார்கள், அதோடு அந்த ஆறுதலும் அவரை விட்டுப் போய்விடுகிறது.

ஹாக்கையின் கதைதான் எல்லாவற்றிலும் கனமானது. எப்போதும் ஜோக் அடித்துக்கொண்டே இருந்த டாக்டர் அவர், தொடரே அவர் சிரிப்பின் மேல்தான் ஓடியது. கடைசி எபிசோட் தொடங்கும்போது அவர் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். ஒரு பஸ், இருட்டு, வெளியே எதிரிகள், பஸ்ஸில் ஒரு பெண் மடியில் வைத்திருந்த கோழி கத்துகிறது, அதை அமைதியாக்கு என்று இவர் அதட்டுகிறார், அவள் அதன் கழுத்தை நெரித்துவிடுகிறாள். மனநல டாக்டர் மெல்லப் பேச்சுக்கொடுக்கக் கொடுக்க, அது கோழி இல்லை, அவள் குழந்தை என்று ஹாக்கைக்கு நினைவு வருகிறது. பதினொரு வருடம் நம்மைச் சிரிக்க வைத்தது அவருக்கு எதை மறைக்கத் தேவைப்பட்டது என்று அந்த ஒரு காட்சியில் நமக்குப் புரிகிறது. இதை மூன்றாவது சீசனில் வைத்திருந்தால் ஒரு நல்ல எபிசோட், அவ்வளவுதான். கடைசியில் வைத்ததால் முன்னால் பார்த்த இருநூற்றைம்பது எபிசோடுகளும் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

லாஸ்ட் வந்தபோது சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 2004இல் தொடங்கியது, விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்கள், ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு மர்மம். மர்மத்தின் மேல் நிற்கும் கதையை எத்தனை நாளுக்கு நிறுத்தாமல் ஓட்ட முடியும்? மூன்றாவது சீசனில் ஒரு எபிசோட் முழுக்க கதாநாயகன் ஜாக்கின் கையில் இருக்கும் பச்சை குத்தியதற்குப் பின்னால் என்ன கதை என்று போனது, யாருமே கேட்காத கேள்வி அது. கதை நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்று சேனலுக்குக் காட்ட, தொடரை நடத்தியவர்களுக்கு அதுவே நல்ல சாட்சியாகப் போனது. 2007 மே மாதம் ஏபிசி அறிவித்தது: இன்னும் 48 எபிசோட், 2010இல் முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெற்றித் தொடருக்கு மூன்று வருடம் முன்பே தேதி குறித்தது அமெரிக்கச் சேனல்களில் அதுவரை கேள்விப்படாத விஷயம். அறிவிப்புக்குப் பிறகு கதை வேகம் பிடித்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள்.

ஆனாலும் 2010 மே 23 அன்று பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் கோபப்பட்டார்கள். தேதி கிடைப்பதற்கு முன் மூன்று சீசன் வாங்கிய கடன் இருந்ததே, அதுதான் காரணம். வால்ட் என்ற சிறுவனைத் தனிச் சக்தி உள்ளவன் என்று காட்டினார்கள். தீவில் சில வாரங்கள் போவதற்குள் நடித்த பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான், அவனை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று, அவனைப் பற்றி எழுப்பிய கேள்வி அப்படியே தொங்கியது. எனக்கு அந்த முடிவு பிடிக்கும், அந்தத் தேவாலயத்தில் எல்லோரும் மறுபடி சந்திக்கும் காட்சியில் நான் அழுதிருக்கிறேன், ஆனால் விடை கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒரு அரவணைப்பு மட்டும் போதுமா என்று கேட்பவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். எல்லோரும் விமானம் விழுந்தபோதே செத்துவிட்டார்கள் என்பதுதான் முடிவு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. தீவில் நடந்ததெல்லாம் உண்மை என்று ஜாக்கின் அப்பா அந்தத் தேவாலயத்திலேயே வாய்விட்டுச் சொல்கிறார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஆளில்லாத கடற்கரையில் விமானத்தின் உடைந்த பாகங்களை ஏபிசி காட்டியது குழப்பத்தைக் கூட்டிவிட்டது.

சரி, தேதியை நிர்ணயிக்கும் உரிமை முழுக்க எழுதியவர்களிடமே இருந்தால்? கேம் ஆஃப் த்ரோன்ஸ் அப்படிப்பட்டது. ஹெச்பிஓ சேனல் இன்னும் நீட்டத் தயாராகவே இருந்தது, தொடரை நடத்திய இருவரும்தான் போதும் என்றார்கள். முதல் ஆறு சீசன் பத்துப் பத்து எபிசோட், ஏழாவது 7, எட்டாவது 6. தொடருக்கு மூலமான நாவல் வரிசை, ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்ததோடு நின்றுவிட்டது, இருவருக்கும் கதை எங்கே போகும் என்பது தெரியும், போகும் வழியைக் காட்ட புத்தகம் இல்லை. அடிமைகளை விடுவித்தவள் என்று ஏழு சீசன் நாம் கொண்டாடிய டெனேரிஸ், நகரம் சரணடைந்து மணி அடித்த பிறகும் டிராகனை ஏவி அதை எரிக்கிறாள். அவள் அப்படி ஆகக்கூடியவள் என்பதற்கான விதைகள் முதல் சீசனிலிருந்தே இருக்கின்றன, நான் திரும்பப் பார்த்தபோது நன்றாகவே தெரிந்தது. அந்த விதை மரமாவதற்கு இரண்டு சீசன் ஆகும். கொடுத்தது சில எபிசோட். 2019 மே 19 அன்று 1.9 கோடிப் பேர் கடைசி எபிசோடைப் பார்த்தார்கள், கடைசி சீசனை மறுபடி எடுங்கள் என்ற கோரிக்கை மனுவில் 15 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கோபத்தில் ஒரு பகுதி அன்பு என்றே நான் நினைக்கிறேன், பிடிக்காத தொடருக்கு யாரும் மனு போட மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக பிரேக்கிங் பேட், போதைப்பொருள் தயாரிக்க இறங்கிய வால்டர் என்ற வேதியியல் ஆசிரியரின் கதை. 62 எபிசோட், 2008 முதல் 2013 வரை. எல்லாம் முதல் நாளே திட்டமிட்ட மாதிரி தெரியும், உண்மை அப்படி இல்லை. ஐந்தாவது சீசனின் முதல் காட்சியில் தாடி வைத்த வால்டர் ஒரு உணவகத்தில் தனியாக உட்கார்ந்து, தட்டில் இருக்கும் பேக்கனை உடைத்து 52 என்று தன் வயதை அடுக்குகிறார், பிறகு வெளியே வந்து ஒரு காரின் டிக்கியைத் திறந்தால் உள்ளே பெரிய இயந்திரத் துப்பாக்கி. அதை எழுதியபோது அந்தத் துப்பாக்கி யாருக்கு என்று தங்களுக்கே தெரியாது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் சொல்லியிருக்கிறார். ஆனால் இன்னும் 16 எபிசோட்தான் என்பது தெரியும். எழுத்தாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் அந்தத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டி, தேவையான ஆட்களையும் காரணத்தையும் கதைக்குள்ளிருந்தே வளர்த்தெடுத்தார்கள்.

துப்பாக்கி வெடித்தது பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அந்தத் தொடரை முடித்துவைத்தது அது இல்லை. மனைவி ஸ்கைலரின் சின்ன சமையலறையில் நடக்கும் பேச்சுதான். ஐந்து சீசனாக வால்டர் சொன்னது ஒன்றே ஒன்று, எல்லாம் குடும்பத்துக்காக. கடைசித் தடவையாக அவர் வாயைத் திறக்கும்போது, குடும்பத்துக்காகச் செய்தேன் என்று இன்னொரு தடவை சொல்லாதே என்று அவள் வெடிக்கிறாள். அவர் நிதானமாகச் சொல்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது. அவள் முகத்தைப் பாருங்கள், மன்னிப்பு இல்லை, ஆனால் முதல் தடவையாக அவள் கேட்டது உண்மை. அந்தத் தொடர் ஆரம்பத்திலிருந்து நம்மிடம் கேட்டுவந்த கேள்வியும் அதுதான், இந்த மனிதன் ஏன் இதைச் செய்கிறான்.

விடை சொல்லாமலே முடிப்பதும் ஒரு வழி. டோனி என்ற மாஃபியா தலைவனின் கதையான தி சொப்ரானோஸ் 2007 ஜூன் 10 அன்று இப்படி முடிந்தது: ஒரு சாதாரண உணவகத்தில் குடும்பம் வெங்காய வளையம் சாப்பிடுகிறது, மகள் வெளியே காரை நிறுத்தத் தடுமாறுகிறாள், கதவு மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறார், திரை கறுப்பு. கேபிள் போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அது ஏமாற்று இல்லை, ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் யார் என்று நிமிர்ந்து பார்க்கும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அந்த ஐந்து நிமிடம் நம்மையே அனுபவிக்க வைத்தது.

ஓடிடி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். மறுஒளிபரப்புக் கணக்கு இல்லை, நூறு எபிசோட் கட்டாயம் இல்லை. நெட்ஃபிளிக்ஸின் ஜெர்மன் தொடரான டார்க் அதற்கு நல்ல உதாரணம், மூன்று சீசன் என்று திட்டமிட்டு 2017 முதல் 2020 வரை 26 எபிசோடில் அத்தனை முடிச்சுகளையும் அவிழ்த்தார்கள். டார்க்கை உருவாக்கிய ஜோடி அடுத்து 1899 என்ற தொடரை எடுத்தது, அதுவும் மூன்று சீசனுக்கான கதை. முதல் சீசன் 2022 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ரத்து செய்துவிட்டது. முன்பு முடிக்க விடாமல் இழுத்தார்கள், இப்போது முடிக்கும் முன்பே நிறுத்துகிறார்கள், நாள் குறிக்கிற பேனா மட்டும் கை மாறவில்லை. 16 எபிசோட் என்று சொல்லி 16 எபிசோடில் முடிகிற கொரியத் தொடர்கள் பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள் இவ்வளவு பேர் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் பார்த்ததில் மிகச் சரியாக முடிந்தது எது என்று கேட்டால் சிக்ஸ் ஃபீட் அண்டர் என்பேன். லாஸ் ஏஞ்சலஸில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தும் ஒரு குடும்பம், 2001 முதல் 2005 வரை 63 எபிசோட். வழக்கமாக ஒவ்வொரு எபிசோடும் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சாவில் தொடங்கும், உடனே திரை வெள்ளையாகி அவர் பெயரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும் வரும். நான்கைந்து எபிசோடிலேயே அந்த வெள்ளைத் திரை பழகிவிடும், ஐந்து வருடம் அதைப் பார்த்துப் பார்த்து நாம் அதைக் கவனிப்பதையே விட்டிருப்போம். கடைசி எபிசோடில் கடைக்குட்டி கிளேர் வீட்டை விட்டு நியூயார்க்குக்குக் கிளம்புகிறாள். கார் நெடுஞ்சாலையில் போகிறது, பாட்டு ஓடுகிறது, அவள் அழுதுகொண்டே ஓட்டுகிறாள், நடுநடுவே வரப்போகும் வருடங்கள் வந்து போகின்றன. அம்மா ரூத் ஆஸ்பத்திரியில், சுற்றிலும் பிள்ளைகள், வெள்ளைத் திரை, 1946–2025. அண்ணன் டேவிட் ஒரு பிக்னிக்கில் நாற்காலியிலிருந்து சரிகிறான், 1969–2044. இப்படி நாம் நேசித்த ஒவ்வொருவருக்கும் அந்த வெள்ளைத் திரை வருகிறது. கடைசியில் ஒரு அறை, சுவர் முழுக்க கிளேர் எடுத்த போட்டோக்கள், படுக்கையில் கண்ணில் புரை விழுந்த ஒரு கிழவி, 1983–2085. அந்தக் கண் மூடியதும் மறுபடி இளம் பெண் கிளேர், கை ஸ்டீயரிங்கில், முன்னால் ஆளில்லாத நீண்ட சாலை, கார் போய்க்கொண்டே இருக்கிறது.